“வளர்ற வயசு, தானா கரைஞ்சிடும்!” - டீன் ஏஜ் எடையில் அப்பா அம்மாவுக்கு என்ன பங்கு?

ஆனி மாதம் மாங்கனித் திருவிழா என்றால், காரைக்கால்காரர்கள் எந்த ஊரில் வேலை பார்த்தாலும் லீவு போட்டு வந்துவிடுவார்கள். நானும் அந்த ரகம்தான். பிச்சாடனர் வீதியுலா வரும்போது மாடிகளிலிருந்து மாம்பழங்கள் பறக்கும். கீழே நிற்கிற கூட்டம் எகிறிக் குதித்துப் பிடிக்கும். சேலை, வேட்டி, ஜீன்ஸ் என்று வித்தியாசமே இருக்காது. பழம் கைக்கு வந்தால் அந்த வருஷம் நல்லதே நடக்கும் என்பது நம்பிக்கை.

என் பெரியம்மா மகள் வீட்டில் ஒரு பெண் இருக்கிறாள். வீட்டில் எல்லாருக்கும் அவள் ‘பாப்பா’. 9 வயதில் ஒரே நாளில் ஏழு பழம் பிடித்துக்கொண்டு வந்தவள். போன வருஷ திருவிழாவில் அவளுக்கு 14 வயது. மாடியில் சேர் போட்டு உட்கார்ந்து, கையில் போனை வைத்து வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள். “கீழே வாடி, போலாம்” என்று கூப்பிட்டேன். “மூச்சு வாங்குது சித்தி, நீங்க போங்க” என்றாள்.

14 வயதில் மூச்சு வாங்குது! நானே அப்போதுதான் இரண்டு மாடி ஏறி வந்து, கதவைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தேன் என்பது வேறு விஷயம்.

மறுநாள் காலை அக்கா குளியலறையில் அவள் கழுத்தைக் கடலை மாவும் எலுமிச்சையும் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். “எவ்ளோ தேய்ச்சாலும் இந்த அழுக்கு போகவே மாட்டேங்குது. செயின் போட்ட கருப்பு போல” என்றாள். பின்கழுத்தில் வெல்வெட் துணி மாதிரி தடித்த கருமை. பாப்பா வலியில் முகத்தைச் சுளித்தாளே தவிர, ஒன்றும் பேசவில்லை.

அது அழுக்கு இல்லை. இந்தக் கட்டுரையே அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது.

கழுத்துக் கருமை சொல்லும் சேதி

நாம் சாப்பிடும் சோறும் இனிப்பும் ரத்தத்தில் சர்க்கரையாகச் சேரும். அதைத் தசைக்குள்ளும் ஈரலுக்குள்ளும் அனுப்புகிற வேலை இன்சுலினுடையது. உடலில், குறிப்பாக வயிற்றைச் சுற்றி, கொழுப்பு அதிகமானால் இன்சுலின் கதவைத் தட்டினாலும் செல்கள் சரியாகத் திறப்பதில்லை. உடனே கணையம் இன்னும் அதிகமாக இன்சுலினைச் சுரக்கும். அப்படி அளவுக்கு மீறிச் சுற்றும் இன்சுலின் தோல் செல்களையும் தூண்டிவிடும். கழுத்து, அக்குள் மடிப்புகளில் தோல் தடித்துக் கறுப்பது அதனால்தான். எத்தனை கிலோ கடலை மாவு போட்டாலும் அது போகாது. தேய்க்கத் தேய்க்கத் தோல் புண்ணாவதுதான் மிச்சம்.

பருவ வயதில் இன்சுலினின் வேலை எல்லாருக்குமே இயல்பாகவே கொஞ்சம் மந்தமாகும். பருவம் முடிந்ததும் சரியாகிவிடும். அதோடு எடையும் கூடினால் இரண்டு பக்கமும் அடி. மாதவிடாய் தள்ளிப்போவது, முகத்தில் முடி வளர்வது, ஈரலில் கொழுப்பு படிவது, இரவில் சத்தமாகக் குறட்டை விடுவது எல்லாம் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்த அறிகுறிகள்தான். உங்களுக்கோ உங்கள் தங்கை தம்பிக்கோ இவற்றில் ஏதாவது இருந்தால், பியூட்டி பார்லருக்குப் போவதற்கு முன்பு ஒரு டாக்டரைப் பாருங்கள்.

அக்காவைச் சமாதானப்படுத்தி, ஊரிலேயே ஒரு குழந்தைகள் நல மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனோம். உயரம் 154 சென்டிமீட்டர், எடை 64 கிலோ. கிலோவை மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது பி.எம்.ஐ. பாப்பாவுக்கு 27.

“27-னா பரவாயில்லையே, எனக்கு 31 சொன்னாங்க” என்றாள் அக்கா. நம்மில் பலர் செய்கிற தப்பு இது. வளர்கிற பிள்ளைகளுக்குப் பெரியவர்களின் கணக்கு பொருந்தாது. வயதுக்கு ஏற்ப, ஆணா பெண்ணா என்பதற்கு ஏற்பக் கோடு மாறும். அதற்காக இந்தியக் குழந்தை மருத்துவ சங்கம் 2015-ல் 5 முதல் 18 வயது வரைக்கும் வளர்ச்சி வரைபடங்களை வெளியிட்டது. 18 வயதில் 23-ஐத் தொடுகிற கோட்டைத் தாண்டினால் அதிக எடை, 27-ஐத் தொடுகிற கோட்டைத் தாண்டினால் பருமன். 14 வயதில் அந்தக் கோடுகள் இன்னும் கீழே இருக்கும். அதாவது பாப்பா இரண்டாவது கோட்டையும் தாண்டியிருந்தாள்.

மேற்கத்திய நாடுகளில் 25, 30 என்று வைத்திருக்கும்போது நமக்கு மட்டும் ஏன் 23, 27? புனேவைச் சேர்ந்த டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த டாக்டர் ஜான் யட்கினும் 2004-ல் ‘லான்செட்’ இதழில் தங்கள் இருவரின் போட்டோவையே போட்டு இதற்கு பதில் சொன்னார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. அச்சு அசலாக ஒன்றுதான், 22.3. ஆனால், யட்கின் உடலில் கொழுப்பு 9.1 சதவிகிதம், யாஜ்னிக் உடலில் 21.2 சதவிகிதம். ஒரே எடையில் நமக்குத் தசை குறைவு, கொழுப்பு அதிகம். ‘நான் ஒல்லிதான்’ என்று இந்தக் கட்டுரையை ஸ்க்ரோல் செய்து தள்ளப் பார்க்கிறவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்த போட்டோ.

“வயசு வந்தா கரைஞ்சிடும்”

டாக்டர் சொன்னதை வீட்டில் சொன்னபோது, பெரியம்மா சிரித்தார். “இதுக்கெல்லாமா டாக்டர்? நம்ம வீட்ல எல்லாரும் இந்த வாகுதான். வளர்ற புள்ள, தானா கரைஞ்சிடும்.”

ஒரே மூச்சில் இரண்டு விஷயம் சொல்கிறார். ‘குடும்ப வாகு’ என்பதில் உண்மை இருக்கிறது. ‘கரைஞ்சிடும்’ என்பதில் பெரிதாக இல்லை.

முதலில் கரைகிற கதை. பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2016-ல் வெளியான தொகுப்பாய்வு ஒன்று, பருமனாக இருக்கும் டீன் ஏஜ் பிள்ளைகளில் சுமார் 80 சதவிகிதம் பேர் பெரியவர்களான பிறகும் பருமனாகவே இருக்கிறார்கள் என்றது. கைக்குழந்தைக் கொழுகொழுப்பு கரையும், சரி. 14 வயதில் வந்தது அப்படிச் சுலபத்தில் போகாது.

குடும்ப வாகு? 1986-ல் டென்மார்க்கில் தத்துக் கொடுக்கப்பட்ட 540 பேரை வைத்து ஓர் ஆய்வு வந்தது. வளர்ந்த பிறகு அவர்களுடைய உடல்வாகு பெற்ற அப்பா அம்மாவோடு ஒத்துப்போனது, வளர்த்தவர்களோடு ஒத்துப்போகவில்லை. 2008-ல் இங்கிலாந்தில் 5,000-க்கும் மேற்பட்ட இரட்டையர் ஜோடிகளை ஆராய்ந்தபோதும், குழந்தைகளின் பி.எம்.ஐ. வித்தியாசத்தில் 77 சதவிகிதத்துக்கு மரபணுதான் காரணம் என்று வந்தது.

‘அப்புறம் என்ன, ஜீன் மேல பழியைப் போட்டுட்டு பரோட்டா சாப்பிடலாம்’ என்கிறீர்களா? ஒரு நிமிஷம். இந்தியாவில் 5 முதல் 19 வயதுக்குள் பருமனோடு இருந்தவர்கள் 1990-ல் சுமார் 4 லட்சம் பேர். 2022-ல் சுமார் 1 கோடியே 25 லட்சம் பேர். ‘லான்செட்’டில் 2024-ல் வந்த கணக்கு இது. 32 வருஷத்தில் ஜீன் மாறாது. மாறியது தெரு, பள்ளிக்கூடம், சமையலறை, கையில் இருக்கிற போன். ஜீன் துப்பாக்கியில் தோட்டாவைப் போட்டு வைக்கிறது என்றால், விசையை இழுப்பது இவைதான். எஃப்.டி.ஓ. என்று எடையோடு தொடர்புடைய மரபணு ஒன்று 2007-ல் கண்டுபிடிக்கப்பட்டது. 2011-ல் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களின் தகவல்களைச் சேர்த்துப் பார்த்தபோது, உடலை அசைத்து வேலை செய்கிறவர்களிடம் அந்த ஜீனின் ஆட்டம் 27 சதவிகிதம் குறைவாக இருந்தது.

காசு வந்தால் எடை எப்படி வருகிறது என்பதற்கு சென்னையே சாட்சி. 2014-ல் வெளியான ‘ஆரஞ்ச்’ என்ற ஆய்வில் 6 முதல் 19 வயது வரை கிட்டத்தட்ட 19,000 பிள்ளைகளை எடை பார்த்தார்கள். தனியார் பள்ளிகளில் அதிக எடையும் பருமனும் சேர்த்து 21.4 சதவிகிதம். அரசுப் பள்ளிகளில் 3.6. ஒரே ஊர், ஒரே வெயில், ஒரே இட்லி. அதற்கு முன்பே 2002-ல் டாக்டர் ஏ.ராமச்சந்திரன் குழுவினர் சென்னையில் 13 முதல் 18 வயது வரையிலான 4,700 பேரைப் பார்த்தபோது ஆண் பிள்ளைகளில் 17.8, பெண் பிள்ளைகளில் 15.8 சதவிகிதம் பேருக்கு அதிக எடை இருந்தது. உடல் உழைப்பு குறைந்தவர்களிடமும் வசதியான வீட்டுப் பிள்ளைகளிடமும்தான் அதிகம்.

பெரியவர்கள் கணக்கில் நம் யூனியன் பிரதேசம் பெருமைப்பட முடியாத ஓர் இடத்தில் இருக்கிறது. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வில் அதிக எடையோ பருமனோ உள்ள பெண்கள் இந்திய அளவில் 24 சதவிகிதம், தமிழ்நாட்டில் சுமார் 40, புதுச்சேரியில் சுமார் 46. இரண்டு பேரில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாப்பாவின் வீட்டிலும் அப்படித்தான். அக்கா சர்க்கரை மாத்திரை போட ஆரம்பித்து மூன்று வருஷம் ஆகிறது.

அமெரிக்காவில் 854 பேரைக் குழந்தையிலிருந்து பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 1997-ல் வந்தது. 10 வயதுக்குக் கீழே இருக்கும் குழந்தை ஒல்லியோ குண்டோ, அப்பா அம்மாவில் ஒருவருக்குப் பருமன் இருந்தால் அது வளர்ந்த பிறகு பருமனாகும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் மேல். இதில் ஜீனும் இருக்கிறது, அதே வீட்டின் எண்ணெய்த் தூக்கும் இருக்கிறது. இரண்டையும் பிரிப்பது கஷ்டம். ஆனால், எண்ணெய்த் தூக்கை மாற்ற முடியும்.

சைக்கிள் எப்போது துருப்பிடித்தது?

பாப்பாவுக்கு ஒரு சிவப்பு சைக்கிள் இருந்தது. 11 வயது வரைக்கும் தெரு முழுக்க அதில்தான் சுற்றுவாள். அது இப்போது மாடிப்படிக்குக் கீழே துருப்பிடித்துக் கிடக்கிறது. எப்போது நிறுத்தினாள் என்று கேட்டால், வீட்டில் யாருக்குமே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. யோசித்து யோசித்துப் பார்த்தால், அவள் பெரிய மனுஷி ஆன வருஷம்.

சடங்கு முடிந்ததும் உளுந்தங்களி, நல்லெண்ணெய், முட்டை. ‘இடுப்பு எலும்புக்குத் தெம்பு வேணும்’ என்று பாசத்தோடு ஊட்டுகிற சாப்பாடு. தப்பில்லை. ஆனால், அதோடு சேர்ந்து ஒரு பட்டியலும் வந்தது: ஓடாதே, குதிக்காதே, சாயங்காலம் தெருவுக்குப் போகாதே. உள்ளே போகிற சாப்பாட்டைக் கூட்டிவிட்டு, வெளியே செலவாகிற வழியை எல்லாம் அடைத்துவிட்டோம். அடுத்த வருஷம் ட்யூஷன் சேர்ந்தது. ட்யூஷனுக்கு அப்பா ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுவார். நடந்தால் எட்டு நிமிஷ தூரம். நம் ஊரில் பெட்ரோல் தமிழ்நாட்டைவிட விலை குறைவு என்பதில் நமக்கெல்லாம் ஒரு பெருமை உண்டு. தெருமுனைக் கடைக்கு பால் பாக்கெட் வாங்கக்கூட வண்டியை உதைப்பதற்கு அதுவும் ஒரு காரணமோ என்று எனக்குச் சந்தேகம்.

பள்ளியில் பி.டி. பீரியட் இருக்கிறதே? டைம்டேபிளில் இருக்கிறது. ஆனால் அந்த நேரத்தில் கணக்கு டீச்சர் வந்துவிடுவார். இது என் காலத்திலும் நடந்தது, ஊர் பேதமில்லாமல் எல்லாருக்கும் தெரிந்த கதை.

உலக சுகாதார நிறுவனம் 5 முதல் 17 வயது வரையிலான பிள்ளைகளுக்குச் சொல்வது, சராசரியாக நாளுக்கு 60 நிமிஷம் மிதமான அல்லது கடுமையான உடலசைவு. அதில் வாரம் மூன்று நாளாவது ஓட்டம், குதித்தல் போல எலும்புக்கும் தசைக்கும் வேலை வைக்கிற விளையாட்டு. மிதமான என்றால் எவ்வளவு? நடந்துகொண்டே பேச முடியும், ஆனால் பாட முடியாது. அந்த அளவு. 146 நாடுகளின் மாணவர்களை வைத்து 2019-ல் வந்த ஆய்வின்படி, 11 முதல் 17 வயதுக்காரர்களில் 81 சதவிகிதம் பேர் இந்த அளவைத் தொடுவதில்லை. ஆண் பிள்ளைகள் 78, பெண் பிள்ளைகள் 85.

இந்தியாவில் சுமார் 74 சதவிகிதம்தான். மற்ற பல நாடுகளைவிட நாம் பரவாயில்லை. ஏன் என்பதற்கு ஆய்வாளர்கள் சொன்ன காரணம்தான் சுவாரஸ்யம். ஆண் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுகிறார்கள், பெண் பிள்ளைகள் வீட்டு வேலை செய்கிறார்கள். இதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா, திட்டாக எடுத்துக்கொள்வதா என்று இன்னும் எனக்குப் புரியவில்லை.

கிளிஞ்சல்மேடு, பட்டினச்சேரி பக்கம் சாயங்காலம் போனால், மணலில் பையன்கள் வாலிபாலும் கபடியும் ஆடுவதைப் பார்க்கலாம். அதே வயதுப் பெண்கள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். இது ஒரு பெண்ணின் சோம்பேறித்தனம் என்று சொல்லிவிட்டு யாராவது நகர முடியுமா? விளக்கு எரியாத தெரு, பைக்கில் பின்தொடர்கிற பசங்க, துப்பட்டா சரியா என்று பார்க்கிற கண்கள், எல்லாமும் சேர்ந்துதான் அந்த சைக்கிளை மாடிப்படிக்குக் கீழே தள்ளியிருக்கின்றன. இந்தப் பழியை முழுசாக அப்பா அம்மா தலையில் கட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால், இந்த எல்லாவற்றுக்கும் நடுவே பிள்ளைக்காகக் கதவைத் திறந்துவிடக்கூடிய ஆட்கள் அவர்கள் மட்டும்தான்.

அப்பா நடந்தால் மூன்றரை மடங்கு

1991-ல் அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாமில் 4 முதல் 7 வயதுவரையிலான 100 குழந்தைகளுக்கும் அவர்களின் பெற்றோருக்கும் உடலசைவை அளக்கும் சின்னக் கருவியை மாட்டிவிட்டார்கள். அம்மா சுறுசுறுப்பாக இருந்த வீட்டில் குழந்தை சுறுசுறுப்பாக இருக்கும் வாய்ப்பு இரண்டு மடங்கு. அப்பா அப்படி இருந்தால் மூன்றரை மடங்கு. இருவருமே என்றால் 5.8 மடங்கு.

டீன் ஏஜ் வந்ததும் இந்தக் கணக்கு கொஞ்சம் மாறும். 14 வயதுப் பிள்ளை அப்பா ஓடுகிறார் என்பதற்காகத் தானும் ஓடாது. அந்த வயதில் அப்பா அம்மா என்ன செய்கிறார்கள் என்பதைவிட, பிள்ளைக்கு என்ன செய்து தருகிறார்கள் என்பதுதான் அதிகமாக வேலை செய்கிறது. மைதானத்துக்குக் கூட்டிப்போவது, ஷூ வாங்கித் தருவது, ட்யூஷன் நேரத்தை மாற்றிக் கேட்பது, மேட்ச் பார்க்க வந்து நிற்பது. தோழி ஒருத்தி கூட வந்தால் இன்னும் நல்லது.

உடலசைவு மட்டும் எடையைக் குறைத்துவிடுமா? நேர்மையாகச் சொன்னால், இல்லை. அரை மணி நேரம் வேகமாக நடந்தால் செலவாகிற கலோரியை ஒரே ஒரு பரோட்டா திரும்பக் கொடுத்துவிடும், சால்னா தனிக் கணக்கு. 300 மில்லி கூல் டிரிங்க்கில் சுமார் 30 கிராம் சர்க்கரை இருக்கிறது. பிறகு எதற்கு ஓட வேண்டும்? தசை சுருங்கி விரியும்போது, இன்சுலின் வந்து கதவைத் தட்டாமலேயே ரத்தத்திலிருக்கும் சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும். தராசு முள் அசையாவிட்டாலும் உள்ளே வேலை நடக்கும். பாப்பாவுக்கு முதலில் தேவைப்பட்டது அதுதான்.

தூக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. இரவு ஒன்றரை மணிக்கு ரீல்ஸ் பார்த்துக்கொண்டே பிஸ்கட் பாக்கெட்டைத் தேடுகிற பழக்கம் எனக்கும் உண்டு என்பதால், இந்தப் பத்தியை இத்தோடு முடித்துக்கொள்கிறேன்.

‘குண்டு’ என்ற செல்லப்பெயர்

டாக்டரிடம் போய் வந்த வாரமே வீட்டில் ‘ஆபரேஷன் பாப்பா’ தொடங்கிவிட்டது. அவளுக்கு மட்டும் ராத்திரி இரண்டு சப்பாத்தி. மற்றவர்களுக்கு, கடைத்தெருவிலிருந்து வந்த இறால் வாடாவும் கொத்து பரோட்டாவும். தட்டை எடுத்து வைக்கும்போதெல்லாம் யாராவது ஒருவர் “போதும்டி, ஏற்கெனவே…” என்று இழுப்பார்கள். தம்பி வழக்கம்போல “குண்டூஸ்” என்பான். எல்லாரும் சிரிப்பார்கள். பாப்பாவும் சிரிப்பாள். பத்தாவது நாள் அலமாரியில் துணிக்கு அடியில் சாக்லேட் கவர்கள் கிடைத்தன. வீடே அவளை விசாரித்தது.

அதை அக்கா போனில் அழுதுகொண்டே சொன்னாள். எனக்கு 13 வயது ஞாபகம் வந்துவிட்டது. சித்தப்பா ஒருவர் கல்யாண வீட்டில் எல்லார் முன்னாலும் “இவளுக்கு இலையில்ல, வண்டி வேணும்” என்றார். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. மறுநாள் யாரும் பார்க்காத நேரத்தில் இரண்டு மடங்கு சாப்பிட்டேன். அது பல வருஷம் தொடர்ந்தது.

இது என் கதை மட்டும் இல்லை. 2013-ல் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான டீன் ஏஜ் பிள்ளைகளையும் பெற்றோரையும் வைத்து வெளியான ஆய்வில், ‘எடை’, ‘குண்டு’ என்று பெற்றோர் பேசுகிற வீடுகளில் பிள்ளைகள் பட்டினி கிடப்பது, தாறுமாறாகச் சாப்பிடுவது போன்ற பழக்கங்கள் அதிகமாக இருந்தன. எடையைப் பற்றிப் பேசாமல் நல்ல சாப்பாட்டைப் பற்றி மட்டும் பேசிய வீடுகளில் அது குறைவு. என் அனுபவத்தில், நான் அடித்துச் சொல்கிற ஒரே விஷயம் இதுதான்: கேலி செய்து யாருக்கும் ஒரு கிராம்கூடக் குறைந்ததில்லை.

சரி, வேறு என்ன செய்வது? லியோனார்ட் எப்ஸ்டீன் என்ற அமெரிக்க உளவியல் ஆய்வாளர், பருமனான குழந்தைகள் உள்ள குடும்பங்களைப் பிரித்து, ஒரு குழுவில் அம்மா அல்லது அப்பாவையும் பிள்ளையையும் சேர்த்தே மாறச் சொன்னார். இன்னொரு குழுவில் பிள்ளை மட்டும். மூன்றாவது குழுவில் யாருக்கும் குறிப்பாக இலக்கு கிடையாது. பத்து வருஷம் கழித்து 1990-ல் முடிவை வெளியிட்டார். பெற்றோரும் சேர்ந்து மாறிய வீட்டுப் பிள்ளைகளின் அதிக எடை விகிதம் தொடக்கத்தைவிட 7.5 புள்ளி குறைந்திருந்தது. மூன்றாவது குழுவில் 14.3 புள்ளி கூடியிருந்தது. பிள்ளையை மட்டும் மாறச் சொன்ன குழுவிலும் கொஞ்சம் கூடித்தான் இருந்தது. இஸ்ரேலில் மோரியா கோலன் 1998-ல் ஒரு படி மேலே போனார். 6 முதல் 11 வயதுப் பிள்ளைகளைக் கிளினிக்குக்கே கூப்பிடாமல், பெற்றோருக்கு மட்டும் வகுப்பு எடுத்தார். பிள்ளைகளை நேரடியாகக் கூப்பிட்டுச் சிகிச்சை தந்த குழுவைவிட, பெற்றோர் மட்டும் வந்த குழுவின் பிள்ளைகளுக்குத்தான் அதிகமாகக் குறைந்தது.

இதை நான் போனில் சொன்னபோது அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “அப்போ நான்தான் நடக்கணும்ங்கிறே” என்றாள்.

அரசலாறு ஓரமா…

தலையாலேயே கயிலாயத்துக்கு நடந்த அம்மையாரின் ஊர் இது. அக்காவோ வீட்டிலிருந்து கடற்கரைக்குக் காலால் நடந்தே பத்து வருஷம் ஆகியிருந்தது. பீச்சுக்குப் போவோம், ஆனால் வண்டியில் போய், வண்டியிலேயே உட்கார்ந்து, பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு வண்டியில் திரும்புவோம். காற்று வாங்குவது என்றால் இங்கே அதுதான் அர்த்தம்.

ஆவணி மாதம் ஆரம்பித்தார்கள். முதல் நாள் அக்கா மட்டும். பாப்பாவை யாரும் கூப்பிடக்கூட இல்லை. அரசலாறு ஓரமாக நடைபாதையில் கொஞ்ச தூரம் போய், முட்டி வலிக்கிறது என்று ஆட்டோவில் திரும்பி வந்தாள். நான்காவது நாள், “தனியா போக ஒருமாதிரியா இருக்கு, வரியாடி” என்று கேட்டாள். துணைக்கு என்று பாப்பா போனாள். இதில் சூட்சுமம் எதுவும் இல்லை. அக்காவுக்கு நிஜமாகவே கூச்சம்.

மாமாவின் பங்கு ஸ்கூட்டர் சாவியை ஒளித்து வைத்தது அல்ல, அது இரண்டு நாளில் தோற்றது. ட்யூஷன் சாரிடம் போய், சாயங்கால வகுப்பை ஆறரைக்கு மாற்றச் சொல்லிக் கேட்டார். அது நடந்தது. துருப்பிடித்த சைக்கிளுக்கு 850 ரூபாய் செலவு செய்து செயினும் டயரும் மாற்றினார். பாப்பாவின் பள்ளித் தோழி ஒருத்திக்கும் சைக்கிள் இருந்ததால் இருவருமாக ட்யூஷனுக்குப் போகத் தொடங்கினார்கள்.

வீட்டில் கூல் டிரிங்க் பாட்டில் வாங்குவதை நிறுத்தினார்கள், எல்லாருக்கும். வெள்ளிக்கிழமை பரோட்டா மட்டும் நிற்கவில்லை. அதை நிறுத்தினால் மாமா வீட்டைவிட்டே போய்விடுவார். ‘குண்டூஸ்’ என்று கூப்பிட்டால் தம்பிக்கு அன்றைக்கு போன் கிடையாது. அவனுக்கு நிறைய நாள் போன் கிடைக்கவில்லை.

மழை பிடித்ததும் நடை நின்றது. ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். இருபது நாள் போல யாரும் வாசல் தாண்டவில்லை. அந்தச் சமயத்தில் பாப்பா யூடியூப் பார்த்து ஹாலில் ஆடினாள். கீழ்வீட்டுக்காரர் கம்ப்ளெய்ன்ட் செய்யும்வரை அது நடந்தது.

பொங்கலுக்கு நான் போனபோது டாக்டரிடம் மறுபடி காட்டிவிட்டு வந்திருந்தார்கள். உயரம் 156, எடை 63. ஆறு மாதத்தில் ஒரே ஒரு கிலோதானா என்று அக்காவுக்கு வருத்தம். ஆனால், வளர்கிற பிள்ளைக்கு எடை ஏறாமல் உயரம் ஏறினாலே கணக்கு மாறும். பி.எம்.ஐ. 27-லிருந்து 25.9-க்கு வந்திருக்கிறது. கழுத்துக் கருமை அப்படியேதான் இருக்கிறது, கொஞ்சம் மென்மையாகியிருப்பதாக டாக்டர் சொன்னாராம். கடலை மாவு டப்பா சமையலறைக்குத் திரும்பிவிட்டது. இன்னும் போக வேண்டிய தூரம் நிறைய. அடுத்த முறை ரத்தப் பரிசோதனை பங்குனியில்.

காணும் பொங்கல் அன்று கடற்கரையில் கால் வைக்க இடமில்லை. முகத்துவாரம் பக்கம் பாப்பாவும் அவள் தோழியும் முன்னால் நடக்க, அக்காவும் நானும் பின்னால். “மெதுவா போங்கடி” என்று கத்தினேன். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்து, “ஏன்டி, உனக்கு மூச்சு வாங்குதா?” என்றாள்.